பீரோ சாருக்கு மொழிபெயர்த்த வாரம்

திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே என் மாமா ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். 'வெல்கம் பீரோ' என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. வரவேண்டியவருக்குத் தமிழ் தெரியாது. கூட வந்த எனக்கு மாமாவை நன்றாகத் தெரியும். ஆகவே அந்த அட்டையால் யாருக்கும் உபயோகமில்லை. பக்கத்தில் நின்றவர்கள் மட்டும், விமானத்தில் வருகிற பீரோ எத்தனை கதவு வைத்தது என்று பார்க்கும் ஆர்வத்தில் வாசலையே கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தவரின் பெயர் பியேரோ. அறுபதைத் தாண்டியவர். வட இத்தாலியில் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றைச் சேர்ந்தவர். தோளும் இடுப்பும் ஒரே அகலம், கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது. அவரைப் பார்த்ததும், மாமா எழுதியதில் பெரிய பிழையில்லை என்று எனக்கே பட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பீரோ சார்தான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் பர்வீன், வீடு பாலக்கரையில். இத்தாலியில் பெருஜா என்ற மலை நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழி, இலக்கியம், பண்பாடு மூன்றையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டு. பெருஜா எப்படி இருக்கும் என்று உறவினர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: மலைக்கோட்டையைக் குடைந்து உள்ளே எஸ்கலேட்டர் போட்டு, மேலே ஒரு மாதா கோயிலும் வரிசையாகக் காபிக் கடைகளும் வைத்தால் அதுதான் பெருஜா. சொன்னதும், அங்கே எஸ்கலேட்டர் இருக்கும்போது இங்கே ஏன் இல்லை என்று அரசியல் பேச ஆரம்பித்துவிடுவார்கள். என் படிப்பைப் பற்றி யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

அங்கே பெரும்பாலான பரீட்சைகளை எழுதுவதில்லை. பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். மற்ற மாணவர்கள் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். பேசி முடித்ததும் முப்பதுக்கு எத்தனை என்று அவர் வாயாலேயே சொல்வார். பிடிக்கவில்லை என்றால் இந்த மார்க் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம். இதை அம்மா இன்றுவரை நம்பவில்லை. பெரிய கடை வீதியில் குடையும் பையும் விற்கும் என் அத்தா மட்டும், மார்க்கைக்கூடத் திருப்பி எடுத்துக்கொள்கிற ஊர் நல்ல ஊராகத்தான் இருக்கும் என்றார்.

ஆனால் அத்தாவுக்கு என் படிப்பைப் பற்றி வேறொரு கேள்வி இருந்தது. "அந்த பாஷைய கொண்டுவந்து எங்கம்மா விப்ப?" என்று போன் பேசும்போதெல்லாம் கேட்பார். பட்டம் முடிந்ததும் இன்னும் இரண்டு வருடம் எம்.ஏ. படிக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். யோசிப்போம் என்றார். அத்தா யோசிப்போம் என்றால் பேரம் படியவில்லை என்று அர்த்தம்.

அந்த நேரத்தில்தான் சலீம் மாமாவின் அழைப்பு வந்தது. மாமா அம்மாவின் தம்பி. ஷார்ஜாவில் ஒரு கஃபெடீரியாவில் பல வருடம் ஜூஸ் போட்டுவிட்டுத் திரும்பியவர். காட்டூரில் ஐஸ்கிரீம் கடை திறக்கப் போவதாகவும், இத்தாலியிலிருந்து பழைய மெஷின் ஒன்றை வாங்கிவிட்டதாகவும், அதைப் பொருத்த ஓர் ஆள் வருவதாகவும், அந்த ஆளுக்கு இத்தாலியனும் ஜெர்மனும் தவிர வேறு எதுவும் வராது என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு திறப்பு விழா. ஊர் முழுக்கப் பத்திரிகை கொடுத்தாயிற்று. டிக்கெட் நான் போடுகிறேன், நீ கூட வந்து பேசிக் கொடு என்றார். அத்தாவுக்கு என் பாஷை விலைபோவதைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன்.

விமானம் ஏறியதுமே அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. பீரோ சார் பேசியது எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. நான் படித்தது ஏட்டு இத்தாலியன். அவர் பேசியது மலைக்காட்டுப் பேச்சு. சொல்லின் வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் பேசுவார். ரொட்டிக்கு நான் படித்தது 'பானே'. அவருக்கு அது 'பான்'. இத்தனைக்கும் 'இருக்கிறது' என்று எழுதிவிட்டு 'இருக்கு' என்று பேசுகிற ஊரில் பிறந்தவள் நான். இருந்தும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும், தயவுசெய்து திரும்பச் சொல்லுங்கள் என்று கெஞ்சிக்கொண்டே திருச்சி வந்து சேர்ந்தேன்.

மாமாவின் கார் மன்னார்புரத்தில் நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்கள் ஹார்ன் அடித்துத் தீர்த்தன. மாமா இறங்கி பானெட்டைத் திறந்து, அதற்குள் ஏதோ கிணற்றில் விழுந்ததைத் தேடுவது போலப் பார்த்தார். பீரோ சார் அவரை ஒரு கையால் நகர்த்திவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மாட்டினார். வண்டி கிளம்பிவிட்டது. கூடியிருந்தவர்களில் ஒருவர் சார் எந்த ஊர் என்று என்னிடம் கேட்டார். இத்தாலி என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, அங்கேயும் ரோடு இப்படித்தானா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். பீரோ சாரின் பதில் புரியவில்லை. ஆமாம் என்றார் என்று சொல்லிவைத்தேன். கேட்டவருக்குப் பரம திருப்தி.

வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். இத்தாலியர்கள் காலையில் இனிப்பு பன்னைக் காபியில் தொட்டுத் தின்கிறவர்கள். பீரோ சார் பாயாவை ஒரு மணி நேரம் மௌனமாகச் சாப்பிட்டார். எலும்பை உறிஞ்சியபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா அன்றே அவரைத் தன் ஆள் என்று முடிவுசெய்துவிட்டாள்.

மாலையில்தான் சிக்கல். மதியத்துக்கு மேல் பால் காபி குடிப்பது இத்தாலியில் கிட்டத்தட்டக் குற்றம். இதைப் பண்பாடு என்ற பாடத்தில் எங்களுக்குத் தனியாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு அம்மா நுரை ததும்பும் டம்ளரை நீட்டியதும் பீரோ சார், இந்த வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்டார். இங்கே எல்லாரும் இப்படித்தான் என்றேன். துக்கம் விசாரிக்க வந்தவர் முகத்தோடு வாங்கிக் குடித்தார். மறுநாள் நாலே முக்காலுக்கே சமையலறைப் பக்கம் வந்து நின்றார்.

செவ்வாய்க்கிழமை காட்டூர் கடையில் வேலை ஆரம்பமானது. மெஷின் ஆளுயரத்துக்கு எஃகில் நின்றது. மாமா அதைச் சுற்றி வந்து ஊதுபத்தி காட்டாத குறை. பீரோ சார் தரையில் உட்கார்ந்து, பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவிவிட்டு மூன்று சொற்களைச் சொன்னார். குவார்னித்ஸியோனே கெட்டுவிட்டது, ஒரு வீத்தே இல்லை, ஒரு தாதோ இல்லை. மூன்றும் எனக்குத் தெரிந்த சொற்கள். விமானம் ஏறியதிலிருந்து முதல் முறையாகத் தலை நிமிர்ந்தது.

குவார்னித்ஸியோனே என்றால் உணவின் மேல் வைக்கும் அலங்காரம். வீத்தே என்றால் திராட்சைக் கொடி, நான் பாடம் பண்ணிய பழங்கவிதைகளில் அது மரத்துக்கு மரம் படர்ந்துகொண்டிருக்கும். தாதோ என்றால் பகடை. அப்படியே மாமாவிடம் சொன்னேன்.

மாமா மூன்றையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, அலங்காரம் சரி, திராட்சையும் சரி, பகடை எதுக்கும்மா, சூதாட்டம் நமக்கு ஹராமாச்சே என்றார். வெளிநாட்டில் ஐஸ்கிரீமோடு ஏதோ விளையாட்டுச் சாமான் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நான் விளக்கினேன். மாமா ஷார்ஜாவில் இருந்தவர், அதை உடனே ஒப்புக்கொண்டார். வண்டியை எடுத்துக்கொண்டு போய் டின் செர்ரி, டூட்டி ஃப்ரூட்டி, இரண்டு கிலோ பன்னீர் திராட்சை, பரமபத அட்டையோடு ஒரு தாயக்கட்டைப் பெட்டி எல்லாம் வாங்கி வந்து பீரோ சாரின் முன்னால் பரப்பினார்.

பீரோ சார் செர்ரியைப் பார்த்தார். தாயக்கட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, என் கையைப் பிடித்து இழுத்துப்போய், மெஷினில் கிழிந்து தொங்கிய ரப்பர் வளையத்தைத் தொட்டு, "குவார்னித்ஸியோனே" என்றார். ஒரு திருகாணியைக் காட்டி, "வீத்தே" என்றார். ஒரு நட்டைக் காட்டி, "தாதோ" என்றார். ஒண்ணாம் வகுப்பு டீச்சர்கூட எனக்கு அவ்வளவு மெதுவாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அத்தா அப்போது கடையில் இல்லை என்பது என் அதிர்ஷ்டம். இரவுச் சாப்பாட்டுக்குள் அவருக்குச் செய்தி போய்விட்டது என்பது என் குடும்பம். தட்டைப் பார்த்தபடியே, மூணு வருஷம் ஆகியும் நட்டு போல்ட்டு வரலையாம்மா என்று மட்டும் கேட்டார்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. மாமா பெருமையோடு பிஸ்தா எசன்ஸ் பாட்டிலைக் காட்டினார். கிளிப்பச்சை. இது பிஸ்தா இல்லை, ஜன்னலுக்கு அடிக்கும் பெயின்ட் என்றார் பீரோ சார். கலர் கொஞ்சம் தூக்கலா இருக்காம் என்று மொழிபெயர்த்தேன். என் கடை, என் கலரு, இவரை நட்டை முடுக்கிவிட்டு ஊருக்குப் போகச் சொல்லு என்றார் மாமா. மாமா உங்கள் கருத்தை மதிக்கிறார் என்றேன். இவ்வளவு சின்ன மரியாதைக்கு இவ்வளவு பெரிய கோப முகமா என்று கேட்டார் பீரோ சார். அவருக்கு முகம் படிக்கத் தெரிந்திருந்தது எனக்குத் தொந்தரவாக இருந்தது.

சாயங்காலம் நட்டும் திருகாணியும் கிடைத்துவிட்டன. ரப்பர் வளையத்தைப் பால்பண்ணைப் பக்கம் ஒரு பட்டறையில் வெட்டித் தருவதாகச் சொன்னார்கள். அப்போதுதான் பீரோ சார் பெரிய குண்டைப் போட்டார். மெஷினுக்குள் சுற்றிக் கலக்குகிற எஃகுத் துடுப்பு பெட்டியில் இல்லை. அது இல்லாமல் ஐஸ்கிரீம் வராது, பால் கட்டிதான் வரும். மாமாவிடம் துடுப்பு இல்லையாம் என்றேன். மாமா சாமான் வந்த பெட்டியின் வைக்கோலை ஒவ்வொரு பிடியாக உதறிப் பார்த்தார். சென்னை ஏஜென்டுக்கு போன் மேல் போன் போட்டார். இத்தாலியிலிருந்து வர இரண்டு வாரமாகும் என்றார்கள். பத்திரிகை வாங்கியவர்கள் தெருவில் மாமாவைப் பார்த்து வெள்ளிக்கிழமை வந்துடறோம் பாய் என்று கையசைத்துக்கொண்டே போனார்கள். அவரும் இன்ஷா அல்லாஹ் என்று கையசைத்தார். கை அவ்வளவாக மேலே எழவில்லை.

புதன்கிழமை ரப்பர் வளையத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் பீரோ சார் கோயில் பார்க்க வேண்டும் என்றார். ஸ்ரீரங்கம் என் வீட்டிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். ஆனால் நான் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. இத்தாலியில் எந்த மாதா கோயிலில் எந்தத் தூண் எந்த நூற்றாண்டு என்று என்னிடம் கேட்டால் முப்பதுக்கு இருபத்தெட்டு வாங்குவேன். ஆகவே இத்தாலி போகும் முன் இங்கே என்னோடு கல்லூரியில் படித்த வைதேகியைக் கூப்பிட்டேன். ஸ்ரீரங்கத்தில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறியதும் பீரோ சார் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பூக்கூடையோடு ஏறிய அம்மாள் அவரைத் தட்டி எழுப்பினாள். அவர் மன்னிப்புக் கேட்டு எழுந்து நின்றதும் பஸ்ஸுக்குள் வெளிச்சம் குறைந்தது. பாலத்தில் காவிரியைப் பார்ப்பதற்காக அவர் குனிந்தபோது பின்னால் இருந்த இருவருக்கு ஆறே தெரியாமல் போயிற்று.

வைதேகியின் தமிழ் எனக்கு எப்போதுமே பாதி புரியாது. கோயிலுக்குள் போனதும் மீதிப் பாதியும் போய்விட்டது. "பெருமாள் இங்க சயனத் திருக்கோலத்துல சேவை சாதிக்கறார்" என்றாள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் தெரிந்த சொற்கள். கடவுள் இங்கே படுத்துக்கொண்டே சேவையை நிறைவேற்றுகிறார் என்று பீரோ சாருக்குச் சொன்னேன். தன் மைத்துனன் நகராட்சி ஆபீசில் அதையேதான் செய்கிறான் என்றார் அவர். என்ன சொல்றார் என்று வைதேகி கேட்டாள். பிரமாதம் என்கிறார் என்றேன். அவள் என் முழியைப் பார்த்துவிட்டு, சேவை சாதிக்கறார்னா தரிசனம் கொடுக்கறார்னு அர்த்தம்டி என்று தலையில் அடித்துக்கொண்டாள். சொந்தத் தமிழிலும் நான் நட்டுக்குப் பகடை சொல்லியிருந்தேன்.

ஒரு வாசலுக்கு அப்பால் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி என்று போர்டு இருந்தது. வைதேகி சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொல்லி உள்ளே போனாள். பீரோ சார் போர்டைக் காட்டி, எனக்கு மட்டுமா, உனக்குமா என்று கேட்டார். எனக்கும்தான் என்றேன். ஊர்க்காரிக்குமா என்று சிரித்தார். நாங்கள் திரும்பி நடந்து, குதிரைகள் தாவும் கல்தூண்கள் நிற்கும் மண்டபத்தின் எதிரே நிழலில் உட்கார்ந்தோம். அங்கேதான் அவர் பேச ஆரம்பித்தார், யாரும் கேட்காமலே.

"துடுப்பு பெட்டியில் இல்லை என்றுதான் சொன்னேன். அது பொய்யில்லை. அது என் சூட்கேஸில் இருக்கிறது."

முந்தின நாள் அவர் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். பெட்டியில் என்ற சொல்லை நான்தான் மொழிபெயர்க்காமல் விட்டிருந்தேன்.

அந்த மெஷின் அவருடையது. அவரும் அவர் மனைவி நீவெஸும் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தார்கள். வசந்த காலத்தில் மலையிலிருந்து இறங்கிப் போவார்கள், குளிருக்குத் திரும்புவார்கள். மெஷினில் நின்றது நீவெஸ். இவர் ரிப்பேர் செய்வார், தரை துடைப்பார், திட்டு வாங்குவார். நீவெஸ் போன வருடம் இறந்துவிட்டாள். மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, கடை வேண்டாம் என்றுவிட்டான். மெஷினை ஒரு வியாபாரிக்கு விற்றார். அது இந்தியாவுக்குப் போகிறது என்று தெரிந்ததும், சம்பளம் வேண்டாம், டிக்கெட் மட்டும் போடுங்கள், நானே போய்ப் பொருத்திக் கொடுக்கிறேன் என்று கேட்டு வந்திருக்கிறார்.

"யார் கையில் போகிறது என்று பார்க்க வந்தேன். உன் மாமா அந்தப் பச்சை பாட்டிலைக் காட்டினார். அதை அதற்குள் ஊற்றினால் நீவெஸ் எழுந்து வந்து என்னை அடிப்பாள். துடுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்."

விற்ற சாமானின் பாகத்தை ஒளித்துவைப்பது திருட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கான சொல்லும் எனக்குத் தெரியும், பதினாலாம் நூற்றாண்டு வடிவத்திலேயே தெரியும். அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைச் சொல்லவில்லை. மாமாவிடம் இதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். உன் வேலையே அதுதானே என்றார். வைதேகி தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். பீரோ சார் நெய் சொட்டச் சொட்டத் தின்றுவிட்டு, இதைச் செய்தவருக்குப் பச்சை பாட்டில் தேவைப்படவில்லை பார் என்றார்.

அன்று மாலை காட்டூர் கடையில் மாமா தனியாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஷட்டரில் கட்டக் கொண்டுவந்த சீரியல் பல்பு மூட்டையாகக் கிடந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், இந்த முறை ஒரு சொல்லையும் விடாமல், பெயின்ட் என்றதையும் சேர்த்து. மாமா குதிப்பார், போலீஸ் என்பார், ஏஜென்டைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புரியுதா பர்வீன் உனக்கு? அவரு மெஷின் மாட்ட வரல. பொண்ணு குடுக்க வந்திருக்காரு. குடுக்கறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டப் பாக்கணும்ல? நாம செர்ரியையும் தாயக்கட்டையையும் காட்டியிருக்கோம்."

பிறகு எழுந்து, நாளைக்குக் காலையில் முசிறி போகிறோம், அவரையும் கிளம்பச் சொல்லு என்றார்.

முசிறி வாழைக்குப் பேர்போன ஊர். வியாழக்கிழமை மூவரும் பஸ்ஸில் போனோம். மாமாவின் காரை நம்பி எந்தப் பெண் வீட்டாரையும் ஏற்ற முடியாது. ஆனால் குணசீலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸும் பஞ்சராகி நின்றது. பயணிகள் புளியமர நிழலில் ஒதுங்கினார்கள். பீரோ சார் மட்டும் டிரைவருடன் சக்கரத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டார். கையை என் பக்கம் நீட்டி "தாதோ" என்றார். நான் யோசிக்காமல் நட்டை எடுத்துக் கொடுத்தேன். கண்டக்டர் என்னிடம் நீங்களும் மெக்கானிக்கா என்று கேட்டார். இலக்கியம் என்றேன். அப்படின்னா எந்த கம்பெனி என்றார்.

வாழை மண்டியில் மாமா ரஸ்தாளித் தார்களைத் தட்டித் தடவிப் பார்த்தார். பீரோ சார் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். மாமா எடுத்தது மஞ்சளாகப் பளபளத்தது. பீரோ சார் எடுத்தது தோல் கருத்துப் புள்ளி விழுந்தது. இது தூக்கிப் போடுற பழம் என்று சொல்லு என்றார் மாமா. நான் வாய் திறக்கும் முன்பே பீரோ சார் அதை உரித்து மாமா வாயில் திணித்துவிட்டார். மாமா மென்றார். தன் பழத்தை உரித்து அவர் வாயில் திணித்தார். பிறகு இருவரும் தத்தம் பாஷையில், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வெகுநேரம் சண்டை போட்டார்கள். இடையில் நான் இரண்டு முறை மொழிபெயர்க்கப் பார்த்தேன். இருவரும் சும்மா இரு என்பது போலக் கையைக் காட்டினார்கள். அவரவர் பாஷையில் அதுவும் ஒரே மாதிரிதான் இருந்தது. கடைசியில் பாதி அது, பாதி இது என்று வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் மாமா அம்மாவை அடுப்படியிலிருந்து வெளியேற்றினார். பாலைச் சுண்டக் காய்ச்சினார், பழத்தைப் பிசைந்தார், ஏலக்காய் தட்டிப் போட்டார். வாளியில் ஐஸும் கல் உப்பும் நிரப்பி, எவர்சில்வர் தூக்கை அதில் இறக்கி, தோள்பட்டை கழல்கிற வரை சுற்றினார். அத்தாவும் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்திருந்தார். மாமா ஒரு கிண்ணத்தில் எடுத்து பீரோ சாரின் முன்னால் வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஷார்ஜாவில் முதலாளி முன்னால்கூட மாமா அப்படி நின்றிருக்கமாட்டார்.

பீரோ சார் சாப்பிட்டார். ஸ்பூனைக் கவிழ்த்து நாக்கில் தேய்த்தார். சர்க்கரை அதிகம், பால் கொஞ்சம் அடிப்பிடித்திருக்கிறது, ஏலக்காய் பாதி போதும் என்றார். அப்படியே சொன்னேன். மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பீரோ சார் எழுந்து மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் துண்டில் சுற்றிய ஒரு நீளமான பொருள் இருந்தது. அதை மாமாவின் இரண்டு கையிலும் கிடத்தினார். பச்சை பாட்டில் அந்தக் கடைக்குள் வரக் கூடாது என்றார். மாமா வாக்குக் கொடுத்தார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐஸ்கிரீம் மெஷினுக்கெல்லாம் யாராவது அழுவார்களா என்று அத்தா கேட்டார், கொஞ்சம் கரகரப்பாக.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஜமாஅத்தே காட்டூருக்கு வந்துவிட்டது போலிருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ ஓதினார். வைதேகி பாதாம் அல்வாவோடு வந்திருந்தாள். மெஷினைப் போட்டதும் தெருவின் வோல்டேஜ் அத்தனையையும் அது குடித்தது. பக்கத்து டெய்லர் கடையில் ஃபேன் நின்றது. மெஷின் முனகி நின்றுவிட்டது. பீரோ சார் அதன் விலாவில் உள்ளங்கையால் ஒன்று போட்டார். ஸ்டெபிலைசரை மாற்றியதும் ஓடியது. ஓடவைத்தது அடிதான் என்றார் அவர், மாமா ஸ்டெபிலைசர் என்றார், அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. ரஸ்தாளிப்பழ ஐஸ்கிரீம் தளதளவென்று வழிந்து வந்தது. பிஸ்தா இல்லையா பாய் என்று கேட்டவர்களிடம், பொண்ணு வீட்டுல ஒத்துக்கல என்று மாமா பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டம் குறைந்த பிறகு அத்தா கப்போடு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னிடம், அவரை ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

"இந்தப் புள்ள இத்தாலியன் நல்லா பேசுதான்னு கேளு."

பெருஜாவில் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்கள் அந்நியர்கள். இங்கே அம்மா, மாமா, வைதேகி. கேட்டேன். பீரோ சார், இதையும் நீயேதான் மொழிபெயர்க்க வேண்டுமா என்றார். வேறு ஆள் இல்லை என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல வாலை வெட்டிய சொற்களில், நிறுத்தாமல் பேசினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு அத்தாவுக்குச் சொன்னேன்.

"நான் பேசறது செத்துப்போன பாதிரியார் பேசற மாதிரி இருக்காம். அவங்க ஊர்ல இப்படிப் பேசினா புள்ளைங்கல்லாம் சிரிக்குமாம். நட்டுக்கும் பகடைக்கும் வித்தியாசம் தெரியலையாம்."

அத்தா தலையாட்டினார். "அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அவரு அதுக்கு மேலயும் பேசினாரே."

வியாபாரியிடம் எடையைக் குறைத்துக் காட்ட முடியாது. மீதியையும் சொன்னேன். 

"அவரு பேசற பேச்சு அவரு பையனுக்குப் புரியாதாம். அவன் ஜெர்மன்லதான் பதில் சொல்லுவானாம். பொண்டாட்டி போனதுக்கப்புறம் அந்தப் பேச்சுல அவரு மனசுவிட்டுப் பேசினது என்கிட்டதானாம். முதல் நாள் திரும்பச் சொல்லுங்க, திரும்பச் சொல்லுங்கன்னு உயிரை எடுத்தேனாம். நேத்து ஒரு தடவகூட கேக்கலையாம்."

அத்தா கப்பின் அடியை ஸ்பூனால் சுரண்டினார். அவர் சுரண்டுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வருஷம்னுதான சொன்ன?"

"ஆமாத்தா."

"மூணு ஆக்கிடாத" என்று சொல்லிவிட்டு, காலிக் கப்பை பீரோ சாரிடம் நீட்டினார். அவர் அதில் மலை மாதிரிக் குவித்துக் கொடுத்தார். அத்தாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.